கண்குழியில் வரும் அரிய நோய்கள்: நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகள்

ஸ்கேன் அறிக்கையில் இதுவரை கேள்விப்படாத ஒரு நோயின் பெயரைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காகவும், வீட்டில் ஒருவரின் கண் முன்போல் இல்லையே என்று சந்தேகப்படுபவர்களுக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. கண்குழி நோய்களில் பல அரியவை. அரியவை என்பதாலேயே அவற்றைப் பற்றி யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை. கண்வலி, சளி, அலர்ஜி என்று வாரங்கள் கழிகின்றன. அந்த வாரங்களில்தான் பலருக்குப் பார்வை பறிபோகிறது. இங்கே இருப்பவை பொதுவான விளக்கங்கள். உங்கள் கண்ணை நேரில் பரிசோதித்த மருத்துவர் வேறு ஏதேனும் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கண்குழி என்பது எது? கண் நோயும் கண்குழி நோயும் வேறு வேறா?

வேறுதான். கண்புரை, விழித்திரைக் கோளாறு, கண் நீரழுத்தம் ஆகியவை விழிக்கோளத்துக்குள் வருபவை. விழிக்கோளத்தைச் சுற்றியும் அதற்குப் பின்னாலும் இருக்கும் எலும்புக் குழியில் வருபவை கண்குழி நோய்கள். 7 எலும்புகள் சேர்ந்து அமைத்த இந்தக் குழி, முன்பக்கம் அகன்று பின்னால் குறுகிப் பேரிக்காய் வடிவில் இருக்கிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். அதில் விழிக்கோளம் 7 மில்லிலிட்டர் அளவே. மீதி இடம் முழுவதும் கொழுப்பு, விழியை அசைக்கும் தசைகள், கண்ணீர்ச் சுரப்பி, இரத்தக் குழாய்கள், நரம்புகள், எல்லாவற்றுக்கும் நடுவே பார்வை நரம்பு.

சுற்றிலும் எலும்பு என்பதால் உள்ளே எது வீங்கினாலும், எது வளர்ந்தாலும் அதற்கு விலகிப் போக இடமில்லை. திறந்திருக்கும் ஒரே பக்கம் முன்பக்கம். ஆகவே விழி முன்னே தள்ளப்படுகிறது. பார்வை நரம்பு சற்றுத் தளர்வாக வளைந்து கிடப்பதால் ஓரளவு தள்ளலைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் குழியின் குறுகலான பின்முனையில் வீக்கம் ஏற்பட்டால், விழி அதிகம் துருத்தாமலேயே நரம்பு நசுங்கிவிடும். வெளியே பார்த்தால் சிறிய மாற்றம், உள்ளே பெரிய ஆபத்து என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழியின் கூரைக்கு மேல் மூளை, தரைக்குக் கீழ் கன்னச் சைனஸ் (எலும்புக்குள் இருக்கும் காற்றறை), மூக்கை ஒட்டிய சுவருக்கு அப்பால் மற்றொரு சைனஸ். மூக்கை ஒட்டிய அந்தச் சுவர் பல இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சைனஸில் தொடங்கும் கிருமி கண்ணுக்கு வருவதும், கண்குழியிலிருந்து மூளைக்குப் போவதும் இந்த அண்டை வீட்டுத் தொடர்பால்தான்.

கண் துருத்தியிருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். இதைவிட எளிய, நம்பகமான வழி வீட்டில் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் உங்கள் முக அமைப்பு. படங்களுக்கு இடையே மாற்றம் தெரிந்தால் அது எப்போது தொடங்கியது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி: பார்க்கப்படுபவர் தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்க்கட்டும். நீங்கள் தாடைப் பக்கமிருந்து இரு விழிகளின் முன்விளிம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவர்கள் இதையே ஹெர்டல் கருவியால் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். இரு கண்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் தேட வேண்டும்.

சில நேரங்களில் ஏமாற்றமும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் அதிகக் கிட்டப்பார்வை இருந்தால் அந்த விழி நீளமாக இருப்பதால் துருத்தியதுபோல் தோன்றும். மறு கண்ணின் இமை தொங்கியிருந்தாலும், மறு விழி உள்ளே போயிருந்தாலும் நல்ல கண் பெரிதாகத் தெரியும். எந்தக் கண் மாறியது என்பதற்கும் பழைய படமே சாட்சி. விழியை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

கண் துருத்தினாலே தைராய்டுதானே?

பெரியவர்களில் பெரும்பாலும் ஆம். ஒரு கண் துருத்தினாலும் இரு கண்களும் துருத்தினாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது தைராய்டு கண்நோயைத்தான். ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விவரித்த தைராய்டு நோயுடன் இது சேர்ந்து வருகிறது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுகள் சரியாக இருக்கும்போதும் வரலாம். மேல் இமை மேலேறி, கருவிழிக்கு மேல் வெள்ளை தெரிவது இதன் தனி அடையாளம். துருத்தலோடு அந்த அடையாளம் இல்லாமல் இமை தொங்கியிருந்தால், நான் தைராய்டைத் தாண்டி யோசிக்கத் தொடங்குவேன்.

புகைபிடிப்பவர்களுக்கு இந்நோய் கடுமையாக வருகிறது, மருந்துக்கும் சரியாகக் கட்டுப்படுவதில்லை. புகையை விடுவது இங்கே அறிவுரைக்காகச் சொல்லப்படுவதல்ல. சிகிச்சையின் முதல் படியே அதுதான். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும்போது சிலருக்குக் கண்நோய் மோசமாகலாம் என்பதால், கண்ணில் அறிகுறி இருப்பதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டெப்ரோட்டுமுமாப் என்ற மருந்து 2020 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. துருத்தலையே குறைக்கும் முதல் மருந்து அது. ஆனால் சிலருக்குக் காது கேட்கும் திறன் குறைகிறது, இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. ஆகவே எல்லோருக்கும் உரியதல்ல.

எந்த அறிகுறி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காய்ச்சலோடு இமை வீங்கி, விழியை அசைக்கும்போது வலித்தால். துருத்திய கண்ணில் பார்வை மங்கினால், அல்லது சிவப்பு நிறம் அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்தால். முகத்தில் அடிபட்ட பிறகு கண் கல்லாக இறுகி, பார்வை குறைந்துகொண்டே போனால் (இதில் கணக்கு மணிகளில்கூட இல்லை, நிமிடங்களில்). நீரிழிவு உள்ளவருக்கு முகத்தில் ஒரு பக்கம் மரத்து, கண் வீங்கினால். ஒரு குழந்தையின் கண் சில நாட்களுக்குள் கண்கூடாகத் துருத்திக்கொண்டு வந்தால்.

பலரும் தவறவிடும் இன்னொரு நிலை உண்டு. விளையாட்டில் கண்ணருகே அடிபட்ட சிறுவனுக்குக் கண் சிவக்கவில்லை, வீக்கமும் இல்லை. ஆனால் மேலே பார்க்க முடியவில்லை, வாந்தி எடுக்கிறான், சோர்ந்து கிடக்கிறான். தலையில் அடிபட்டிருக்கும் என்று மூளையை மட்டும் ஸ்கேன் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மையில் கண்குழியின் தரை எலும்பு விரிசல் விட்டு, மீண்டும் மூடிக்கொள்ளும்போது விழித்தசையைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்த இழுப்பால் இதயத் துடிப்பும் குறையும். ஓரிரு நாட்களுக்குள் விடுவிக்காவிட்டால் தசை செத்துப்போகும்.

மருத்துவர் ஏன் ‘எத்தனை நாளாக’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்?

ஏனென்றால் கண்குழி நோய்களைப் பிரித்தறிய அந்த ஒரு பதில், பல பரிசோதனைகளைவிட அதிகம் உதவும். மணிக்கணக்கில் வந்தால் இரத்தக் கசிவு. நாட்கணக்கில் வந்தால் கிருமித்தொற்று, அழற்சி, குழந்தையாக இருந்தால் வேகமாக வளரும் புற்று. வாரங்களில் வந்தால் வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று, கண்ணீர்ச் சுரப்பிப் புற்று, சில அழற்சிகள். மாதங்களாக, ஆண்டுகளாக மெல்ல மெல்ல வந்தால் பெரும்பாலும் தீங்கற்ற கட்டி. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

எடுத்துக்காட்டாக, நடுவயதுப் பெண் ஒருவருக்கு வலியே இல்லாமல் பல ஆண்டுகளாக ஒரு கண் நேராக முன்னே வருகிறது என்றால், தசைகளுக்கு நடுவே வளரும் சிரைக்குழாய்க் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களின் கண்குழியில் அதிகம் காணப்படும் தீங்கற்ற கட்டி அதுதான். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகவும் தென்படும். பார்வையைப் பாதிக்காவிட்டால் அதை விட்டுவைத்துக் கண்காணித்தாலே போதும். எடுக்க வேண்டியிருந்தாலும் முழுதாக வெளியே வந்துவிடும். முதியவருக்கு வலியின்றி வந்து, இமையை விலக்கினால் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றைச் சந்தேகிப்போம். புற்று என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கண்குழி லிம்போமாவில் பெரும்பாலானவை மெதுவாகப் போகும் வகை, குறைந்த அளவு கதிர்வீச்சுக்கே நன்றாகக் கட்டுப்படுபவை.

எந்தத் திசையில் விழி தள்ளப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். நேராக முன்னே வந்தால் கட்டி தசைகளுக்கு நடுவே. கீழேயும் மூக்குப் பக்கமாகவும் தள்ளியிருந்தால் கண்ணீர்ச் சுரப்பியில். மேலே தள்ளியிருந்தால் கன்னச் சைனஸில்.

கரும்பூஞ்சை இன்னும் வருகிறதா?

வருகிறது. 2021இல் கோவிட் பரவலின்போது இந்தியாவில் பல்லாயிரம் பேருக்கு வந்ததால் அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. நோய் அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கட்டுப்பாடற்ற நீரிழிவு, அதிலும் இரத்தத்தில் அமிலம் ஏறிய நிலை, நீண்டநாள் ஸ்டீராய்டு, இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று ஆகியவை இதற்கு வழிவிடுகின்றன. பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. இரத்தம் போகாத திசு செத்துக் கறுக்கிறது.

கறுத்த பொருக்கு தெரிந்தால்தான் கரும்பூஞ்சை என்று காத்திருப்பவர்கள் பலர். கறுப்பு தாமதமாக வரும் அடையாளம். அதற்கு முன்பே கன்னம் மரத்துப்போகும், மேல் பற்கள் ஆடும் அல்லது வலிக்கும், மூக்கில் இரத்தம் கலந்த சளி வரும், இமை தொங்கும், இரண்டாகத் தெரியும். இவற்றில் ஒன்று இருந்தாலும், நீரிழிவும் இருந்தால், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. மூக்கிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் சில மணி நேரத்திலேயே பூஞ்சை தெரிந்துவிடும். சிகிச்சைக்கு மூன்று கால்கள்: ஆம்போடெரிசின் பி மருந்து, செத்த திசுவை அறுவைச் சிகிச்சையால் அகற்றுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன் தராமல் போகலாம்.

குழந்தைக்குக் கண் துருத்தினால் என்னவாக இருக்கும்?

பெரும்பாலும் சைனஸிலிருந்து வந்த கிருமித்தொற்று. சிரைவழி ஆன்டிபயாடிக் கொடுத்தால் பல குழந்தைகளுக்குக் குணமாகிவிடும், சிலருக்குச் சீழை வடிக்க வேண்டியிருக்கும். புருவத்தின் வெளிமுனையில் பிறந்ததிலிருந்தே வலியில்லாத உருண்டை இருந்தால் அது பெரும்பாலும் டெர்மாய்டு நீர்க்கட்டி. தீங்கற்றது, உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும்.

சளி பிடிக்கும்போதெல்லாம் ஒரு கண் வீங்கி, பிறகு வற்றுகிறது என்று சில பெற்றோர் சொல்வார்கள். அது நிணநீர்க் குழாய்களின் பிறவிக் கோளாறாக இருக்கலாம். அதற்குள் இரத்தம் கசிந்தால் ஒரே இரவில் கண் வெளியே வந்ததுபோல் ஆகிவிடும். முன்பு இதை வெட்டி எடுக்கப் பார்த்தார்கள். வேர்கள் எங்கும் பின்னிக் கிடப்பதால் முழுதாக வராது. இப்போது உள்ளே ஊசிவழி மருந்து செலுத்திச் சுருங்கச் செய்வதும், சிரோலிமஸ் மாத்திரையும் பலன் தருகின்றன.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ராப்டோமயோசார்கோமா என்னும் புற்றைப் பற்றி. குழந்தைகளின் கண்குழியிலேயே தோன்றும் புற்றுகளில் முதலிடம் இதற்குத்தான். பெரும்பாலும் 10 வயதுக்குள் வரும். நாட்களில், ஒன்றிரண்டு வாரங்களில் வளரும். இமை சிவந்து வீங்குவதால் கிருமித்தொற்று என்றே தோன்றும். எங்கோ விழுந்து அடிபட்ட நினைவும் சேர்ந்துகொண்டால் குழப்பம் முழுமையாகிவிடும். காய்ச்சல் இல்லை, ஆன்டிபயாடிக்குக்கும் அசையவில்லை என்றால் உடனே ஸ்கேன், உடனே பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது). 1960களுக்கு முன் கண்குழி முழுவதையும் அகற்றினார்கள். அப்படியும் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று கீமோதெரபியும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கும்போது கண்குழியோடு நிற்கும் நோயில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள், பெரும்பாலோர் கண்ணோடு. குழந்தைப் புற்றுநோய் மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் இது ஒன்று. அந்த வெற்றி உங்கள் குழந்தைக்கும் கிடைக்க வேண்டுமானால் நோய் முதல் சில வாரங்களுக்குள் தெரிய வேண்டும்.

அடிபடாமலேயே குழந்தையின் இரு கண்களைச் சுற்றியும் கன்றிப்போன கறுப்பு வந்தால், வயிற்றில் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது கண்குழி எலும்புக்குப் பரவும்போது இப்படித்தான் தெரியும்.

குனிந்தால் கண் வெளியே வருகிறது, நிமிர்ந்தால் உள்ளே போய்விடுகிறது. இது என்ன?

கண்குழியில் ஒரு சிரை விரிந்து பையாகியிருக்கலாம். குனியும்போதும், முக்கும்போதும், தும்மும்போதும் இரத்தம் தேங்கி விழியைத் தள்ளும். சாதாரண நிலையில் அந்தக் கண் மறு கண்ணைவிட உள்ளே இருப்பதும் உண்டு. அசையாமல் படுத்து எடுக்கும் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே மூச்சை அடக்கி முக்கச் சொல்லி எடுக்க வேண்டும். அறிகுறியை மருத்துவரிடம் நீங்கள் சொன்னால்தான் அப்படி எடுப்பார்கள். பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது.

கண் துடிக்கிறது, காதில் ‘உஸ் உஸ்’ என்று சத்தம் கேட்கிறது என்கிறாரே?

அதைக் கற்பனை என்று ஒதுக்காதீர்கள். கழுத்திலிருந்து மூளைக்குப் போகும் பெரிய தமனி, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிரைக்குளத்தில் உடைந்து கலந்துவிட்டால் இப்படி வரும். தலையில் பலத்த அடி பட்ட சில நாட்களில், சில வாரங்களில் தொடங்கும். தமனியின் அழுத்தத்தில் இரத்தம் பின்னோக்கிக் கண்ணுக்குள் பாய்வதால் விழி நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும், வெள்ளை விழியில் சுருள் சுருளான தடித்த சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரியும், கண் நீரழுத்தம் ஏறும். தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைத்த மெல்லிய குழாய் வழியே போய் அந்த ஓட்டையை அடைக்கிறார்கள்.

இதன் மென்மையான வகை, அடியே படாமல், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது. மாதக்கணக்கில் ‘கண் சிவப்பு’ என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு இதுதான் நோய்.

துடிப்பு இருக்கிறது, சத்தம் இல்லை என்றால் நியூரோபைப்ரோமட்டோசிஸ் என்ற மரபணு நோயில் கண்குழியின் பின்சுவர் எலும்பு சரியாக உருவாகாமல், மூளையின் துடிப்பே விழிக்கு வருவதாக இருக்கலாம். உடலில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

துருத்தாமல், உள்ளே போவதும் நோயா?

ஆம். இதை மிகக் குறைவாகவே கவனிக்கிறார்கள். முப்பது, நாற்பது வயதுகளில் ஒருவருக்கு வலியோ சளியோ இல்லாமல் ஒரு கண் மெல்ல உள்வாங்கிக் கீழிறங்குகிறது. கன்னச் சைனஸின் வாய் அடைபட்டு, உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு, அந்த வெற்றழுத்தத்தில் கண்குழியின் தரை கீழ்நோக்கி வளைந்துவிடுவதுதான் காரணம். மௌன சைனஸ் நோய் என்று இதற்குப் பெயர். மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பி மூலம் சைனஸின் வாயைத் திறந்துவிட்டால் இறங்குவது நிற்கிறது. சிலருக்குத் தரையை உயர்த்தும் அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

மார்பகப் புற்றில் ஒரு வகை கண்குழிக்குப் பரவும்போது விழியைத் தள்ளாமல், சுருங்கும் நார்த்திசுவால் உள்ளே இழுக்கும். முன்பு மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு, எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும், ஒரு கண் உள்வாங்கினால் அந்தப் பழைய நோயை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு கொடுத்ததும் வீக்கம் போய்விட்டது. நோய் குணமானதுதானே?

இங்கேதான் எச்சரிக்கை தேவை. கண்குழியில் காரணம் தெரியாத அழற்சி என்று ஒன்று உண்டு. திடீரென வலி, வீக்கம், சிவப்பு, விழி அசைவில் தடை எல்லாம் சேர்ந்து வரும். ஸ்டீராய்டு கொடுத்தால் ஓரிரு நாட்களில் வியக்கத்தக்க வகையில் தணியும். எடுவார்டோ டோலோசா 1954இலும் வில்லியம் ஹன்ட் 1961இலும் விவரித்த டோலோசா ஹன்ட் நோயும் இதன் நெருங்கிய உறவு. கண்ணுக்குப் பின்னால் துளைப்பதுபோன்ற வலி, அதோடு விழி அசையாமை, ஸ்டீராய்டுக்கு 72 மணி நேரத்துக்குள் வலி அடங்குதல்.

ஆனால் ஸ்டீராய்டுக்கு லிம்போமாவும் சுருங்கும், பிறகு திரும்பும். வேறு பல அழற்சிகளும் தற்காலிகமாக அடங்கும். பூஞ்சையாக இருந்தால் ஸ்டீராய்டு அதற்கு உணவு. ‘காரணம் தெரியாத அழற்சி’ என்பது மற்ற காரணங்களை எல்லாம் தேடி இல்லை என்று உறுதிசெய்த பிறகு வைக்க வேண்டிய பெயர். தேடாமலேயே வைக்கப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. மருந்தைக் குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பினால், அல்லது படம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், பயாப்ஸி கேளுங்கள். முடிந்தவரை ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே எடுப்பது நல்லது. பின்னர் எடுத்தால் நுண்ணோக்கியில் தெரிய வேண்டியது மறைந்திருக்கும். கடைக்குப் போய்ப் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம்.

உடல் முழுவதும் பரவிய நோயின் முதல் அடையாளம் கண்குழியில் தெரியுமா?

தெரியும். 1888இல் யோகான் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர், இரு கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வலியின்றி வீங்கிய ஒரு விவசாயியைப் பற்றி விவரித்தார். நூறாண்டுகளுக்குப் பிறகே, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய மருத்துவர்களின் ஆய்வுகளால், அத்தகைய பலருக்கு இருப்பது ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்தோடு தொடர்புடைய நோய் என்று தெரியவந்தது. அது கணையம், சிறுநீரகம், பித்தக் குழாய் எனப் பல உறுப்புகளைத் தாக்கும். கண்ணில் தெரிவது சில நேரங்களில் முதல் தடயம் மட்டுமே. ஸ்டீராய்டு, ரிட்டுக்ஸிமாப் ஆகியவற்றோடு 2025இல் இனெபிலிசுமாப் மருந்தும் அமெரிக்காவில் இதற்கென ஒப்புதல் பெற்றது.

இன்னும் அரியது எர்தைம் செஸ்டர் நோய், 1930இல் முதலில் விவரிக்கப்பட்டது. இமைகளில் மஞ்சள் திட்டு, இரு கண்களும் துருத்தல், அதோடு கால் எலும்புகளில் வலி, தீராத தாகமும் அதிகச் சிறுநீரும். தனித்தனியாக நான்கு மருத்துவர்களிடம் சொல்லப்படும் இந்த நான்கு தொல்லைகளையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் பிடிபடும். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு பிராஃப் மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அதைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் மருந்துக்கு 2017இல் ஒப்புதல் கிடைத்தது. முன்பு எதுவும் செய்ய முடியாத நோயாக இருந்தது, ஒரு மரபணுப் பரிசோதனையால் சிகிச்சை உள்ள நோயாகிவிட்டது. ஆகவே கண்ணுக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றினாலும் எலும்பு வலி, ஆஸ்துமா, மூக்கில் இரத்தம், காது மந்தம் எல்லாவற்றையும் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண் தசையில் புழு இருப்பதாகச் சொன்னார்கள். நான் இறைச்சியே சாப்பிடுவதில்லையே?

பன்றி நாடாப்புழுவின் இளம்புழு விழித்தசையில் நீர்ப்பையாகத் தங்குவது சிஸ்டிசெர்கோசிஸ். வேகாத பன்றி இறைச்சியை உண்டால் வருவது குடலில் முழுப்புழு. இளம்புழு உடலில் பரவுவதோ, குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டைகள் நீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக வாய்க்குள் போவதால். எனவே சைவர்களுக்கும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. சி.டி. ஸ்கேனிலோ அல்ட்ராசவுண்டிலோ நீர்ப்பைக்குள் புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரியும். அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே சரியாகும். தொடங்கும் முன் மூளையிலும் விழிக்கோளத்துக்குள்ளும் புழு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். அங்கே புழு சாகும்போது எழும் அழற்சி பெரும் சேதம் விளைவிக்கும்.

பயாப்ஸி எடுத்தால் கட்டி பரவிவிடாதா?

பொதுவாகப் பரவாது. பெயர் தெரியாமல் சிகிச்சை தொடங்குவதுதான் பெரிய ஆபத்து. ஒரு விதிவிலக்கு: கண்ணீர்ச் சுரப்பியில் ஓராண்டுக்கு மேலாக வலியின்றி வளர்ந்து, ஸ்கேனில் உருண்டையாகத் தெரியும் கலப்புக் கட்டி. அதைத் துண்டாக எடுக்காமல் உறையோடு முழுதாக அகற்றுவதே மரபு. உறை கிழிந்தால் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப வரலாம், புற்றாகவும் மாறலாம். அதே சுரப்பியில் சில மாதங்களுக்குள் வலியோடு வளர்ந்தால் நிலைமை தலைகீழ். நரம்புகளை ஒட்டியே ஊர்ந்து போகும் அடினாய்டு சிஸ்டிக் புற்றாக இருக்கலாம், உடனே பயாப்ஸி வேண்டும். கண்குழிக் கட்டியில் வலி என்பதை ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சி.டி. நல்லதா, எம்.ஆர்.ஐ. நல்லதா?

எலும்பு, சைனஸ், அடிபட்ட காயம், அவசர நிலை என்றால் சி.டி. நரம்பு, மென்திசு, மூளைக்குப் பரவல் என்றால் எம்.ஆர்.ஐ. கண்ணில் இரும்புத் துகள் இருக்க வாய்ப்பிருந்தால் எம்.ஆர்.ஐ. கூடாது. மூளை ஸ்கேன் எடுத்தோமே என்று பலர் சொல்வார்கள். கண்குழிக்கென்று நுண்ணிய இடைவெளியில் எடுத்த படம் வேண்டும்.

கண்ணையே எடுத்துவிடுவார்களா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கத் தயங்கி, வீட்டுக்குப் போன பிறகு அழுகிறார்கள். நேராகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் உள்ள நோய்களில் மிகப் பெரும்பான்மையானவற்றுக்குக் கண்ணை எடுக்கத் தேவையில்லை. கண்குழியில் உள்ளதை எல்லாம் அகற்றும் அறுவைச் சிகிச்சை, உயிருக்கே ஆபத்தான சில புற்றுகளிலும் கட்டுக்கடங்காத பூஞ்சையிலும் மட்டுமே பேசப்படுகிறது. அப்படிப் பரிந்துரைத்தால் அதனால் உயிர் காக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். அவசரமில்லாத நிலையில் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் வருந்த மாட்டார். அந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிலிக்கோனில் இமையோடும் விழியோடும் செய்த செயற்கை முகப்பகுதியைப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு கண்ணால் படிக்கவும் வேலை செய்யவும் வாழவும் முடியும், தூரத்தைக் கணிப்பதற்கு மட்டும் சில மாதப் பழக்கம் தேவைப்படும்.

எந்த மருத்துவரிடம் போவது?

கண் மருத்துவர்களிலேயே இமை, கண்ணீர்ப்பாதை, கண்குழி ஆகியவற்றில் தனிப்பயிற்சி பெற்ற ஓக்குலோபிளாஸ்டி நிபுணர்கள் இருக்கிறார்கள். அவரோடு காது மூக்கு தொண்டை மருத்துவர், நரம்பு அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், நோயியல் நிபுணர் ஆகியோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் நோயாளியின் அலைச்சல் வெகுவாகக் குறையும். ஸ்கேன் அறிக்கைத் தாளோடு படங்களையும் எடுத்துப் போங்கள். அறிக்கை ஒருவரின் கருத்து, படத்தை எத்தனை பேரும் மறுபடி பார்க்கலாம். பயாப்ஸி எடுத்திருந்தால் அந்தத் திசுவை வைத்த கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அரிய நோயில் இரண்டாவது நோயியல் நிபுணர் பார்த்துப் பெயர் மாறுவது அபூர்வமல்ல. சொட்டு மருந்தும் கண்ணாடியும் கண்குழி நோயைக் குணப்படுத்தாது. உலர்ந்த கண்ணுக்கும் இரண்டாகத் தெரிவதற்கும் அவை துணை மட்டுமே.

சிகிச்சை முடிந்தபின் எத்தனை காலம் பரிசோதனைக்கு வர வேண்டும்?

நோயைப் பொறுத்தது. முழுதாக எடுத்த சிரைக்குழாய்க் கட்டிக்கு ஒன்றிரண்டு முறை போதும். ஐஜிஜி4 நோய் மருந்தை நிறுத்திய பின் திரும்பக்கூடியது என்பதால் கண்ணோடு மற்ற உறுப்புகளையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லிம்போமாவுக்குப் பல ஆண்டுகள், உடல் முழுவதற்குமான பரிசோதனையோடு. கண்குழிக்குக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளுக்குக் கண்புரையும் அந்தப் பக்க முக எலும்பின் வளர்ச்சிக் குறைவும் பின்னாளில் தெரியவரும் என்பதால் வளர்ந்து முடியும்வரை வர வேண்டும். அடினாய்டு சிஸ்டிக் புற்று பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நுரையீரலிலோ எலும்பிலோ தலைகாட்டக் கூடியது. ஐந்து ஆண்டுகள் நலமாக இருந்துவிட்டோம் என்று அதில் மட்டும் பரிசோதனையை நிறுத்திவிட வேண்டாம்.